பட்டாளம் பார்க்க வந்த லாரி

லாரி ஓட்டுவது சுலபம். லாரி கிளம்புகிற வரைக்கும் காத்துக்கிடப்பதுதான் தொழில்.

யுத்த காலத்தில் கரி லாரி ஓட்டிய சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் இந்நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இருந்த பெட்ரோலையெல்லாம் பட்டாளம் எடுத்துக்கொண்டது. எங்களுக்குக் கூப்பன் என்று ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் பெட்ரோல் பங்க்காரன் சிரிப்பான். அதனால் டிரைவர் உட்காருகிற இடத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலையை நிறுத்தி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, அதிலிருந்து வருகிற வாயுவால் இஞ்சினை ஓட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஓட்டினோம்.

என் பெயர் தொம்மை. ஊர் மணப்பாடு. அப்பா, அண்ணன் எல்லாரும் கடலில் பிழைக்கிறவர்கள். எனக்கு மட்டும் வள்ளத்தில் காலை வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதற்குப் பயந்துதான் தூத்துக்குடிக்கு ஓடிவந்து லாரி பழகினேன். வேலாயுதம் அண்ணாச்சியிடம் இருந்தது ஒரே லாரி. அதில் மதுரைக்கு உப்பும் கருவாடும் கொண்டுபோய், வரும்போது நூல் பேல் ஏற்றி வருவேன். கிளீனர் சுடலைமுத்து அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவசரம் என்றால் என்னவென்றே அறியாத மனிதர். நானோ ஓர் இடத்தில் உட்கார்ந்தால் காலை ஆட்டாமல் இருக்கத் தெரியாதவன்.

இப்படி இருக்கும்போது அண்ணாச்சிக்கு ஒரு சர்க்கார் கடிதாசி வந்தது. மாசக் கடைசியில் லாரியைத் துறைமுகத்துக்குப் பக்கத்து மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். பட்டாளத்து அதிகாரி பார்வையிடுவார். நல்ல நிலையில் இருந்தால் யுத்தத்துக்கு எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொண்டால் அண்ணாச்சிக்கு லாரி இல்லை. எனக்கு மறுபடி மணப்பாடு, அண்ணன் வள்ளம், குமட்டல். எங்கள் லாரி உருப்படாத லாரி என்று பட்டாளத்தை நம்பவைக்க எங்களுக்கு நாலு வாரம் இருந்தது.

தீ கேட்டு வந்த அக்கா

காலையில் கரி லாரி கிளம்ப முக்கால் மணி நேரம் ஆகும். சுடலைமுத்து அண்ணன் உலையில் கரியைக் கொட்டி, எண்ணெய்த் துணியைக் கொளுத்தி உள்ளே போடுவார். பிறகு ஊதியின் கைப்பிடியைச் சுற்றிக் காற்று அடிக்க வேண்டும். அவர் சுற்றுவது பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி இருக்கும். நான் பொறுக்கமாட்டாமல் பிடுங்கிச் சுற்றுவேன். வேகமாகச் சுற்றினால் கரி சீக்கிரம் பிடித்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. பிடிக்காது. என் தோள்பட்டைதான் பிடித்துக்கொள்ளும். நடுவில் நாலு தடவை ஏறி இறங்குவேன், டயரை உதைப்பேன், கட்டிய கயிற்றையே அவிழ்த்து மறுபடி கட்டுவேன்.

கடிதாசி வந்த மறுநாளும் அதே கூத்து. முத்தையாபுரத்தில் உப்பு ஏற்றி நிறுத்தியிருந்தோம். எதிர்வீட்டு அக்கா ஒருத்தி இரும்புக் கரண்டியோடு வந்து நின்றாள். நெருப்புப் பெட்டிக்கும் தட்டுப்பாடாக இருந்த காலம். சுடலைமுத்து அண்ணன் ஊதியை விட்டுவிட்டு, உலையின் அடிக்கதவைத் திறந்து, கத்தரிக்காய் பொறுக்குவது போல் நல்ல கங்காகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம்! "லாரியே பட்டாளத்துக்குப் போகப்போவுது, இதுல நீரு தீ தானம் பண்ணுதீரா?" என்று கத்தினேன். அந்த அக்கா அசரவில்லை. கங்கை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"போனாப் போட்டும்னு விட்டுராதீய தம்பி. பட்டாளத்துக்காரன் வேற லாரி பாத்துக்கிடுவான். எங்க தெருவுக்கு இது ஒண்ணுதான் அடுப்பு."

மீனெண்ணெய்

உப்பு ஏற்றுகிற லாரிக்கு ஆயுசு கம்மி. மூடையிலிருந்து நீர் கசிந்து கீழே சொட்டும். சொட்டின இடமெல்லாம் இரும்பு அப்பளமாகிவிடும். என் லாரி அப்படி ஆகவில்லை. காரணம் எங்கள் ஊர்ப் பழக்கம். மணப்பாட்டில் வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசுவார்கள். கிரீஸ் கிடைக்காத காலத்தில் நான் லாரிக்கும் அதையே பூசினேன். ஒவ்வொரு நடை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவி, மல்லாந்து படுத்து, தேங்காய் நாரால் மீனெண்ணெய் தேய்ப்பேன். அது ஒன்றைத்தான் நான் அவசரப்படாமல் செய்வேன். இஞ்சின் சூடேறினால் அடிக்கிற வாடை இருக்கிறதே, மதுரை மில் வாசலில் காவல்காரன் லாரி தெரு முனை திரும்புமுன்பே மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டைத் திறந்துவிடுவான்.

அண்ணாச்சி கடிதாசியும் கையுமாக வந்து லாரிக்கு அடியில் குனிந்தார். விரலால் சுரண்டினார். துரு வரவில்லை. இன்னோர் இடத்தில் சுரண்டினார். அங்கும் வரவில்லை. சொந்த லாரி நன்றாக இருக்கிறதே என்று ஒரு முதலாளி முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன். மெதுவாக நிமிர்ந்து, விரலை மோந்து பார்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஏலே தொம்மை, இன்னையிலேருந்து நீ இதத் தொடப்படாது. எண்ணெயும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். துருப் பிடிக்கட்டும். மாசம் முடியதுக்குள்ள இது பாக்கச் சகிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

மேட்டில் இறங்கிய பெரியவர்

கரி வாயுவுக்குப் பாதி பலம்தான். பாரத்தோடு மேடு ஏற வேண்டுமென்றால் உள்ளே இருக்கிறவர்கள் இறங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். சுடலைமுத்து அண்ணன் ஒரு மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தோடு நடந்து வருவார். லாரி திணறி நின்றால் கட்டையைச் சக்கரத்துக்குக் கீழே போடுவார். கொஞ்சம் மூச்சு வாங்க விட்டு மறுபடி நகர்த்துவேன். மற்ற நாட்களில் மேடு வந்தால் நான் ஸ்டியரிங்கைக் குத்தாத குத்து இல்லை, லாரியை ஏசாத ஏச்சு இல்லை.

இரண்டாவது வாரம் காயல்பட்டணத்து வியாபாரி ஒருவர் மதுரைக்கு எங்களோடு வந்தார். தும்பைப்பூ மாதிரி சட்டை, கையில் குடை. எட்டயபுரம் தாண்டி ஒரு மேட்டில் அவரை இறங்கச் சொன்னோம். குடையை விரித்துக்கொண்டு லாரிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். நான் ஏசவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த லட்சணத்தில் மேடு ஏறுகிற லாரியை எந்தப் பட்டாளம் எடுக்கும்? "என்ன தம்பி, நிக்கிற வண்டிக்குச் சிரிப்பு?" என்று கேட்டார். பார்வையிடப் போகிற விஷயத்தைச் சொன்னேன். அவர் லாரியை ஒரு பார்வை, மேட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப அந்தப் பட்டாளத்தார இங்கயே கூட்டிட்டு வந்து காட்டுங்க. நான் முன்னால நடக்கேன். இன்ஷா அல்லாஹ், நீங்க வந்து சேந்தா மதுரையில பாப்போம்."

டீக்கடை வைத்தியம்

கடிதாசி எங்களுக்கு மட்டும் வரவில்லை. ஊரில் லாரி வைத்திருந்த எல்லாருக்கும் வந்திருந்தது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் டிரைவர்கள் கூடினால் இதே பேச்சு. லாரியை எப்படிக் கெடுப்பது? ஒருத்தன் நல்ல டயரைக் கழற்றி வைத்துவிட்டு மொட்டை டயர் மாட்டினதாகச் சொன்னான். ஒருத்தன் கதவை உலக்கையால் இடித்து நசுக்கியிருந்தான். இஞ்சினில் சீனி போடலாம் என்று ஒருத்தன் சொல்ல, சீனியே கண்ணில் காணாத காலத்தில் அதை இஞ்சினுக்குப் போடுவதா என்று மற்றவர்கள் அவன் மேல் பாய்ந்தார்கள். நான் பெஞ்சில் உட்காரமுடியாமல் டம்ளரோடு உலாத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு யோசனையும் என் லாரியின் எலும்பை முறிப்பது போலத்தான் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கடைசியில் வாயைத் திறந்தார்.

"கெடுக்கதுக்கு எதுக்குவே இவ்வளவு யோசன? இத்தன வருசமா ஓட்டுனது நீங்கதான? அதுலயே கெட்டிருக்கும்லா?"

கை நிற்காத ஞாயிற்றுக்கிழமை

மூன்றாவது வாரம் லாரி சிவக்க ஆரம்பித்தது. மூன்று நடை உப்பு, ஒரு தடவைகூடக் கழுவவில்லை, எண்ணெய் இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் இரும்பு செதில் செதிலாகப் பெயர்ந்தது. அண்ணாச்சி தினமும் வந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்து போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த லாரிதான் என்னைக் கடலிலிருந்து காப்பாற்றியது. அதை என் கண் முன்னாலேயே உப்பு தின்பதைப் பார்க்க வருத்தமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே லாரி நிற்கிற ஷெட்டுக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டு வருவதாகத்தான் நினைப்பு. ஷெட்டில் யாரும் இல்லை. மூலையில் எண்ணெய்த் தகரம் இருந்தது. சக்கரத்துப் பக்கம் மட்டும் ஒரு கை தடவிவிடுவோம், அது வெளியே தெரியாது என்று வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் படுத்தேன். சக்கரத்துப் பக்கம் முடிந்ததும் பக்கத்துக் கம்பி என்ன பாவம் செய்தது என்று தோன்றியது. அப்புறம் அதற்கடுத்தது. முன்னாலிருந்து பின்னால் வரை துருவைச் சுரண்டிப் பூசி முடித்துவிட்டு வெளியே ஊர்ந்து வந்தால், சுடலைமுத்து அண்ணன் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக இருந்தாரோ! "அண்ணாச்சிட்ட சொல்லிராதியும்" என்று கெஞ்சினேன். அவர் எப்போதும் போல் நிதானமாக யோசித்தார்.

"நான் சொல்லல தம்பி. ஆனா அண்ணாச்சிக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்குல்லா?"

நனைத்த கரி

மூக்கு இருக்கத்தான் செய்தது. அண்ணாச்சி திங்கட்கிழமை ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார். அரைமணி நேரம் என்னை ஏசினார். எல்லாம் நியாயமான ஏச்சு. துருவுக்கு இனி நாள் போதாது. வேறு வழி பார்க்க வேண்டும். அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பார்வையிடுகிற அன்று நனைந்த கரியைப் போடுவது. உலை பிடிக்காது, லாரி கிளம்பாது, கிளம்பாத லாரியை அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சுடலைமுத்து அண்ணன் இரண்டு சாக்குக் கரியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டார். ஒருவேளை எப்படியாவது கிளம்பிவிட்டால் நான் கியரை மாற்றத் தெரியாதவன் போல் நொண்டி நொண்டி ஓட்ட வேண்டும். முந்தின நாள் அண்ணாச்சி இவ்வளவையும் எனக்கு இரண்டு தடவை சொல்லி, என் வாயாலும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். அப்படியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என் ஆடுகிற காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊதியச் சுத்தாத. டயர உதைக்காத. சும்மா இரு. நாளைக்கு ஒனக்கு அது ஒண்ணுதான் வேல. சும்மா இருக்கத் தெரியுமாலே ஒனக்கு?"

மைதானம்

காலை ஏழு மணிக்கே வரச்சொல்லிவிட்டார்கள். காய்ந்த கரியில் போய்ச் சேர்ந்தோம், எங்கள் முறை வரும்போது மணி பதினொன்று, உலை ஆறியே போயிருந்தது. இருபது லாரி வரிசையாக நிற்க, ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் கூட ஒரு தமிழ் மெக்கானிக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நல்ல லாரியின் கதவில் சுண்ணக்கட்டியால் ஒரு நம்பர் போட்டார்கள். கதவை உலக்கையால் இடித்தவனுக்கும் நம்பர் போட்டுவிட்டார்கள். மொட்டை டயர்க்காரன் மட்டும் தப்பித்தான். நான் இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அண்ணாச்சி சொன்னபடி சும்மா நின்றேன். வெயிலில் நிற்பது பெரிதில்லை. சும்மா நிற்பதில்தான் உயிர் போனது.

சுடலைமுத்து அண்ணன் நனைந்த கரியைப் போட்டு ஊதியைத் தொட்டில் ஆட்டினார். உலை இருமியது. வெள்ளைப் புகை வந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த லாரிக்கு ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டார். அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு சாந்தம். அப்போது அந்த மெக்கானிக் சும்மா போகாமல் லாரிக்கு அடியில் குனிந்தான். ஸ்குரூ டிரைவரால் சுரண்டினான், துரு வரவில்லை. மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். பிறகு அதிகாரியிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்ரோல்! டாங்கியில் ஊற்றினான். உலையிலிருந்து வருகிற குழாயை அடைத்தான். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான். இது எங்கள் மூன்று பேர் மூளைக்கும் எட்டவில்லை. பட்டாளத்தில் பெட்ரோல் இருக்கும் என்பது எங்களுக்கு மறந்தே போயிருந்தது.

சுடலைமுத்து அண்ணன் லாரியின் முன்பக்கத்தில் கைப்பிடியைச் செருகி ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, திணறல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாக நான் கேட்காத சத்தம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "துறைமுக ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வாங்க" என்றான் மெக்கானிக். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். சத்தியமாக நொண்ட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன். முதல் கியரைக் கரகரவென்று போட்டேன். மைதானத்து வாசல் வரை திருடன் மாதிரி ஊர்ந்துதான் போனேன். வாசல் தாண்டினால் எதிரே ரோடு காலியாக நேராகக் கிடந்தது. பாரம் இல்லை. மூடை இல்லை. பெட்ரோல் இருந்தது. என் கால் என்னைக் கேட்கவில்லை.

துறைமுகம் வரைக்கும் போனேன். அங்கே திருப்பி, வந்ததைவிட வேகமாகத் திரும்பினேன். தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தேன். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதிகாரியின் பூட்ஸுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போட்டு நிறுத்தினேன். அவர் வாய்விட்டுச் சிரித்து பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். மெக்கானிக் கதவில் நம்பர் போட்டான். அந்தச் சுண்ணக்கட்டி கீறுகிற சத்தம் கேட்டபிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

இறங்கினேன். கால் அப்போதுதான் ஆடாமல் நின்றது. அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. "ஏசிருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் கதவுக்குப் பக்கத்தில் போய் அந்த நம்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். நான் கிளப்பின புழுதி இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"எட்டு வருசமா இத நான் மூடையோடதான்லே பாத்திருக்கேன். இப்படிப் பறக்கும்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது."

லாரி அஸ்ஸாம் பக்கம் போனதாகக் கேள்வி, நான் மறுவாரமே மணப்பாட்டில் அண்ணன் வள்ளத்தில் ஏறினேன், குடலும் பழையபடி வாய்க்கு வந்தது. அந்த யுத்தத்தில் அதிகம் கஷ்டப்பட்டது யார் என்று கேட்டால், தினமும் என் சட்டையை அலசிப்போட்ட என் மதினி தன்னைத்தான் சொல்வாள்.